உங்களுக்குத் தெரியுமா? பிரிந்து வாழ்ந்தாலும் வாரிசுதான்
கணவனும் மனைவியும் எத்தனை ஆண்டுகள் தனித்தனியே வாழ்ந்தாலும், திருமணம் சட்டப்படி முறியாதவரை ஒருவருக்கொருவர் வாரிசுகளே. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கணவனின் சொத்தில் மனைவி முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைகளில் ஒருவருக்கும் கணவனின் தாய்க்கும் கிடைக்கும் அதே அளவு பங்கு அவருக்கும் உண்டு. நீதிமன்றம் தனித்து வாழ மட்டும் அனுமதித்த தீர்ப்பு இந்த உரிமையைப் பறிக்காது. பஞ்சாயத்தில் எழுதிக்கொண்ட ‘தீர்த்துவிட்ட’ பத்திரமும், அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தில் உண்டென்று நிரூபிக்கப்பட்டாலன்றி, செல்லாது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பல பெண்களுக்குக் கடைசிப் பிடிமானம் இந்தச் சட்டமே.

ஆனால் அதே சட்டம், மனைவியைக் கைவிட்டுப் போனவனையும் அவள் இறந்தபின் பிள்ளைகளோடு பங்குக்கு நிறுத்துகிறது. இது வேதனையானது. பிள்ளையில்லாமல் இறந்தால், தாய்தந்தை வழியாக அவளுக்கு வந்த சொத்து மட்டும் கணவனுக்குப் போகாமல் அவளுடைய தந்தையின் வாரிசுகளைச் சேரும். சுயமாகச் சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம்.

குடும்ப ஓய்வூதியம் உயிலுக்குக் கட்டுப்படாது. விவாகரத்து வழக்கோ குடும்ப வன்முறைப் புகாரோ நிலுவையில் இருந்தால், கணவனுக்கு முன்பாகப் பிள்ளைகளுக்கு அதை வழங்குமாறு மத்திய அரசுப் பெண் ஊழியர் எழுத்துமூலம் கோர 2024 ஜனவரி முதல் வழியுண்டு.