ரெண்டு தபா ஊத்தணும்: ஃபில்டர் காபியில் ஒரு சின்ன ஆராய்ச்சி

போன வருஷம் அம்மாவுக்குக் கை நடுக்கம் கொஞ்சம் அதிகமானது. கொதிக்கிற தண்ணீரை அவர் தூக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தோம். அப்படித்தான் காலை காபி என் தலையில் விழுந்தது.

தண்டையார்பேட்டையில் தெருவுக்கு நாலு டீக்கடை உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் ஃபில்டர் காபிதான். அப்பா ஹார்பர் ஷிப்டுக்குக் கிளம்பும் விடிகாலையிலேயே டிகாக்‌ஷன் தயாராக இருக்கும். நாற்பது வருஷமாக அதைக் குடித்து வளர்ந்தவனுக்கு அதைப் போடத் தெரியாதா என்ன?

தெரியவில்லை. அதே பொடி, அதே பால், அதே எவர்சில்வர் ஃபில்டர். முதல் வாரம் அம்மா பாதி டம்ளர் குடித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எட்டாவது நாள் நான் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னாடா, ஒரே மூச்சா ஊத்திட்ட? ரெண்டு தபா ஊத்தணும்.”

“ஏன்மா? எப்படி ஊத்தினாலும் அதே தண்ணிதானே?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஊத்தணும்.”

இந்தப் பதிவு அந்த “ஏன்”-க்கு நான் தேடிய பதில்.

ஊறவைப்பதும் அலசுவதும்

காபி போட உலகத்தில் ஆயிரம் கருவி இருக்கிறது. எஸ்பிரெஸோ மாதிரி அழுத்தத்தில் இயங்குபவற்றை விட்டுவிட்டால், அடிப்படை முறை இரண்டுதான். ஒன்று, பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு வடிகட்டுவது. பிரெஞ்சு பிரஸ் இந்த வகை. பொடியைக் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டுவார்களே, அதுவும் இதேதான். இன்னொன்று, பொடியின் மேல் தண்ணீரை ஊற்றி, ஊடுருவி இறங்கவிடுவது. 1908-இல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் காகித வடிகட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று ‘போர் ஓவர்’ என்று காபி ஷாப்பில் விற்பது அந்த வழியில் வந்தது.

துணி துவைப்பதை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் சுலபமாகப் புரியும். வாளியில் ஊறவைத்தால் எல்லா இழையும் சமமாக நனையும். ஆனால் வாளித் தண்ணீர் அழுக்காக ஆக, அழுக்கு வெளியேறும் வேகம் குறையும். குழாயடியில் பிடித்து அலசினால் எப்போதும் புதுத் தண்ணீர். அழுக்கு வேகமாகப் போகும். ஆனால் தண்ணீர் தனக்குச் சுலபமான வழியில்தான் ஓடும். ஒரு பக்கம் வெளுக்கும், இன்னொரு பக்கம் அப்படியே இருக்கும்.

காபியிலும் அப்படித்தான். ஊறவைத்தால் சீராக இறங்கும், ஆனால் முழுசாக இறங்காது. ஊற்றி வடித்தால் நன்றாக இறங்கும். ஆனால் தண்ணீர் பொடிக்குள் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவிட்டால், ஒரு இடத்தில் கசப்பு, ஒரு இடத்தில் பச்சைத் தண்ணீர்.

துணி துவைப்பவர்கள் இதில் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? இரண்டையும். முதலில் ஊறவைத்து, பிறகு அலசுகிறார்கள்.

கொஞ்சம் கணக்கு

வறுத்த காபிக்கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடியது ஏறக்குறைய 30 சதவீதம். அது அத்தனையும் நமக்கு வேண்டாம். கடைசியில் இறங்குவது கசப்பும் துவர்ப்பும்தான். 1950-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் செய்த ஆய்வுகளிலிருந்து, பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால் நல்லது என்பது பொது அளவாக நிலைத்தது.

நம் வீட்டு அளவுக்கு வருவோம். 30 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அதாவது 60 மில்லி உள்ளேயே நின்றுவிடும். கீழே இறங்குவது 90 மில்லி.

கணக்குக்காக, 150 மில்லியும் பொடியோடு ஒன்றாக ஊறி 6 கிராம் சாரம் கரைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் 90 மில்லியில் 3.6 கிராம்தான் இருக்கும். மிச்சம் 2.4 கிராம் ஈரப்பொடிக்குள் மாட்டிக்கொள்ளும். கரைந்த சாரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு குப்பைக்குப் போகிறது!

இப்போது அதே 150 மில்லியை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் 90 மில்லி ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு 60 மில்லி. இந்த இரண்டாவது தண்ணீர், பொடிக்குள் நிற்கும் கெட்டிச் சாற்றைக் கீழே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். கீழே வருவது அதே 90 மில்லிதான், ஆனால் சாரம் கூடுதல். பொடிக்குள் மாட்டுவது நீர்த்த தண்ணீர்.

நிஜத்தில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்காது. ஃபில்டரில் நாம் கலக்குவதில்லை. ஒரே தடவையாக ஊற்றினாலும் மேலே நிற்கும் தண்ணீர் கொஞ்சம் புதுசாகவே இருக்கும். ஆனாலும் நாக்குக்குத் தெரிகிற வித்தியாசம் உண்டு.

‘இரண்டாம் டிகாக்‌ஷன்’ இறக்குவதைக் கஞ்சத்தனம் என்று நான் கிண்டல் செய்ததுண்டு. அது மாட்டிக்கொண்ட சாரத்தை மீட்கிற வேலை என்று இப்போதுதான் புரிகிறது.

நம் ஃபில்டர் இரண்டும் கெட்டான் அல்ல

2016-இல் உலக புரூவர்ஸ் கோப்பையை வென்ற ஜப்பானியர் டெட்ஸு கசுயா, பிறகு இரண்டு முறையையும் கலந்து ஒரு வழியைப் பிரபலமாக்கினார். அதற்கு ஹாரியோ ஸ்விட்ச் என்ற கருவி. புனலுக்கு அடியில் ஒரு குண்டு. விசையைத் தட்டினால் வழி திறக்கும், மூடும்.

நம் ஃபில்டரில் விசை இல்லை. ஆனால் பொடி நைசாக இருப்பதாலும், சிக்கரி ஊறி உப்புவதாலும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். நிற்கும் நேரத்தில் ஊறல், இறங்கும் நேரத்தில் அலசல். (காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்தியச் சட்டம். சிக்கரி கூடினால் நிறம் கூடும், காபீன் கூடாது.)

இன்னொரு விஷயம். சில நாள் டிகாக்‌ஷன் இறங்காமல் அடம் பிடிக்குமே? பல சமயம் காரணம் பொடி இல்லை, காற்று. இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தி, விளிம்பு ஈரமானால், கீழே உள்ள காற்று வெளியே போக வழியில்லை. மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வைத்தால் சொட்ட ஆரம்பிக்கும். இதுவரை தொல்லை என்று நினைத்தது, எனக்கு இப்போது விசை.

நான் இப்போது செய்வது

1. பொடி 30 கிராம். தட்டிச் சமமாக்கி, குடையை லேசாக வைக்க வேண்டும். அமுக்கக் கூடாது.
2. மேல் பாத்திரத்தை இறுக்கமாகப் பொருத்தி, கொதித்து அடங்கிய தண்ணீர் 90 மில்லி. மூடி போட்டு ஐந்து நிமிஷம்.
3. மேல் பாத்திரத்தைத் தூக்கி, சற்றுச் சாய்வாக வைத்தால் இறங்கும்.
4. தண்ணீர் பொடி மட்டத்துக்கு வந்ததும், மறுபடி கொதிக்கவைத்த 60 மில்லியைக் குடையின் மேல் மெதுவாக. ஆறின தண்ணீர் வேண்டாம், சாரம் சரியாக இறங்காது.
5. மூடிவிட்டுப் பதினைந்து நிமிஷம் வேறு வேலை பார்க்கலாம்.

மனைவியிடம் எது எது என்று சொல்லாமல் இரண்டு டம்ளர் நீட்டினேன். மூன்று நாளும் ரெண்டு தபா ஊற்றியதையே எடுத்தார். மூன்று நாள் பெரிய ஆய்வில்லை என்று தெரியும்.

அம்மாவிடம் கணக்கையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே டம்ளரைக் காலி செய்தார்.

“இதத்தானே நான் சொன்னேன்? பால்தான் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு.”

அடுத்த ஆராய்ச்சி பால்.