தள்ளாடுபவர் எல்லாம் குடித்தவரா? சிறுமூளையின் 'வயரிங்' எப்படி வேலை செய்கிறது?

ஒருவர் கால்களை அகட்டி வைத்து, அப்படியும் இப்படியும் சாய்ந்தபடி சாலையில் நடந்து வருகிறார். பேச்சு குழறுகிறது. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? 'பகல்லயே ஏத்திட்டு வந்துட்டார்' என்பதுதான் பெரும்பாலும் முதல் முடிவு.

'அடாக்சியா' என்ற நரம்பியல் பாதிப்புடன் வாழ்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் சந்தேகம் இது. இப்படிக் குழம்புவதற்கு உடலியல் ரீதியாக ஒரு காரணமும் இருக்கிறது. மதுவும் இந்த பாதிப்பும் குலைப்பது ஒரே இடத்தைத்தான்: பிடரிக்குச் சற்று மேலே, பெருமூளைக்குக் கீழே இருக்கும் சிறுமூளை.

அங்கே நரம்பு இழைகள் எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தால், ஒருவருக்குக் கால் தள்ளாடுவதும் இன்னொருவருக்குக் கை நடுங்குவதும் ஏன் என்பது புரியும். வேறு சிலருக்கு யோசிப்பதே ஏன் தடுமாறுகிறது என்பதும் புரியும்.

எடை 10%, நியூரான் 80%

முதலில் கொஞ்சம் கணக்கு. மனித மூளையின் எடையில் சிறுமூளையின் பங்கு சுமார் 10% மட்டுமே. ஆனால் நியூரான்களை எண்ணினால் கதை தலைகீழ்.

பிரேசில் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட எண்ணிக்கைப்படி, மனித மூளையில் சராசரியாக 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. இதில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. மொழி, திட்டமிடல் என்று நாம் பெருமையாகப் பேசும் பெருமூளைப் புறணிக்குக் கிடைப்பது வெறும் 1,600 கோடி. மூளைத் திசுவைக் கரைசலாக்கி, அதில் மிதக்கும் செல் உட்கருக்களை எண்ணி அவர்கள் இந்தக் கணக்குக்கு வந்தார்கள். ஆய்வுக்குள்ளானவை 4 ஆண்களின் மூளைகள் மட்டுமே என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

மனிதர்கள் மட்டும் இப்படி இல்லை. எலியின் மூளையில் உள்ள சுமார் 7 கோடி நியூரான்களில் 4 கோடிக்கும் மேல் சிறுமூளையில் உள்ளன. 2014-ல் ஆய்வு செய்யப்பட்ட ஓர் ஆப்பிரிக்க யானையின் மூளையில் 25,700 கோடி நியூரான்கள் இருந்தன. அதில் 97.5% சிறுமூளையில். தும்பிக்கையை அவ்வளவு நுணுக்கமாக அசைப்பதற்கு இது தேவைப்படலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இத்தனை செல்களையும் எங்கே வைப்பது? மடித்துத்தான். மனித சிறுமூளையின் மேற்பரப்பை எல்லா மடிப்புகளையும் பிரித்து விரித்தால், சுமார் 1 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பட்டை கிடைக்கும். பெருமூளைப் புறணியின் பரப்பில் இது 78% என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

வருவது இரண்டு, போவது ஒன்று

சரி, இந்தப் பட்டைக்குள் என்ன இருக்கிறது? சிம்பிளாகச் சொன்னால் இரண்டு வகை இழைகள் தகவலைக் கொண்டுவருகின்றன, ஒரே ஒரு வகை செல் பதிலை வெளியே அனுப்புகிறது. எலியானாலும் யானையானாலும் மனிதனானாலும் அடிப்படைத் திட்டம் இதுதான்.

முதல் வரத்து, 'மாஸி ஃபைபர்' எனப்படும் பாசி இழைகள். முனைகள் பாசி படர்ந்தது போல முண்டு முண்டாக இருப்பதால் இந்தப் பெயர். தண்டுவடம், உட்காது, பெருமூளை என்று பல இடங்களின் செய்தி இவை வழியாக வருகிறது. பெருமூளையிலிருந்து வரும் தகவல் நேராக வராது, மூளைத்தண்டில் உள்ள 'பான்ஸ்' என்ற இடைநிலையத்தில் இறங்கி ஏறித்தான் வரும்.

பாசி இழைகள் செய்தியை ஒப்படைப்பது 'கிரானுல்' எனப்படும் மிகச் சிறிய செல்களிடம். சிறுமூளையின் நியூரான்களில் கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் குட்டி செல்கள்தான். ஒவ்வொன்றும் ஓர் இழையை மேல்நோக்கி அனுப்புகிறது. அது மேலே போய் 'டி' எழுத்து போல இரண்டாகப் பிரிந்து, இருபுறமும் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு நேர்கோட்டில் ஓடுகிறது. பக்கத்தில் உள்ள இழைகளும் அதே திசையில் ஓடுவதால் இவற்றுக்கு 'பேரலல் ஃபைபர்', அதாவது இணை இழைகள் என்று பெயர்.

இந்த இழைகளின் பாதையில் குறுக்கே நிற்பவை பர்கின்ஜி செல்கள். செக் விஞ்ஞானி ஜான் பர்கின்ஜி 1837-ல் விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இதன் கிளைகள் மரம் போல எல்லாப் பக்கமும் விரியாது, பனையோலை விசிறி மாதிரி தட்டையாக விரியும். விசிறிகளை வரிசையாக நிறுத்தி, அத்தனையையும் குறுக்காகத் துளைத்தபடி ஆயிரக்கணக்கான நூல்களை இழுத்தால் எப்படி இருக்கும்? சிறுமூளையின் வெளி அடுக்கு அப்படித்தான் இருக்கிறது. தறியில் பாவும் ஊடும் செங்குத்தாகச் சந்திப்பது போன்ற ஒழுங்கு.

இந்த அமைப்பால் என்ன லாபம்? ஒரு நூல் வரிசையாகப் பல விசிறிகளைத் தொட முடியும். ஒரு விசிறி ஏராளமான நூல்களிடமிருந்து செய்தி கேட்க முடியும். ஒரு பர்கின்ஜி செல்லுக்கு இப்படிக் கிடைக்கும் இணைப்புகள் 1.5 முதல் 2 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

இரண்டாவது வரத்து இதற்கு நேர் எதிர். 'கிளைம்பிங் ஃபைபர்' எனப்படும் ஏறும் இழை, மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஆலிவ் காய் வடிவத்தில் இருக்கும் 'இன்ஃபீரியர் ஆலிவ்' என்ற இடத்திலிருந்து வருகிறது. வளர்ந்த விலங்கில் பொதுவாக ஒரு பர்கின்ஜி செல்லுக்கு ஒரே ஓர் ஏறும் இழைதான். ஆனால் அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடி சுற்றிப் படர்வது போல அது செல்லின் கிளைகளில் ஏறி, நூற்றுக்கணக்கான இடங்களில் தொடுகிறது. பிறந்த புதிதில் ஒரு செல்லில் பல கொடிகள் போட்டி போடும். எலிகளில், பிறந்த முதல் சில வாரங்களில் ஒன்று வென்று மற்றவை விலகிவிடும்.

ஆக ஒரு பக்கம் லட்சக்கணக்கான மெல்லிய குரல்கள், மறுபக்கம் ஒரே ஓர் உரத்த குரல். சிறுமூளை வேலை செய்யும் விதத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வுதான் அடிப்படை.

'வேண்டாம்' மட்டும் சொல்லும் செல்

இவ்வளவையும் கேட்டுவிட்டு பர்கின்ஜி செல் என்ன சொல்கிறது? 'நிறுத்து' என்று மட்டும்தான். சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே வழி இந்தச் செல். அது அனுப்பும் சிக்னல் முழுக்கத் தடுக்கும் வகை. ஜப்பானைச் சேர்ந்த மசாவோ இட்டோ குழுவினர் 1960-களில் இதை நிரூபித்தபோது பலருக்கும் ஆச்சரியம். தடை மட்டுமே போடும் ஒரு செல்லை வைத்துக்கொண்டு எப்படி ஒரு அசைவை உருவாக்க முடியும்?

சிறுமூளையின் உள்ளே ஆழத்தில் சில நியூரான் திரள்கள் இருக்கின்றன. அவை எப்போதும் சிக்னல் அனுப்பத் தயாராக இருப்பவை. பர்கின்ஜி செல்கள் அவற்றின் மீது விடாமல் பிரேக் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. சரியான நொடியில் பிரேக்கைத் தளர்த்தினால் சிக்னல் பாய்கிறது, மீண்டும் அழுத்தினால் நிற்கிறது. இறக்கத்தில் வண்டியை ஆக்சிலரேட்டர் தொடாமல் பிரேக்கை வைத்தே ஓட்டுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். அசைவின் அளவும் நேரமும் இந்தத் தளர்த்தலில்தான் அமைகின்றன.

தவறிலிருந்து கற்பது எப்படி?

ஒரு சின்ன சோதனை. போனைக் கையை நீட்டிப் பிடித்து, தலையை மட்டும் வேகமாக இடவலமாக ஆட்டியபடி படித்துப் பாருங்கள். எழுத்து தெரியும். இப்போது தலையை அசைக்காமல், போனை அதே வேகத்தில் ஆட்டிப் படியுங்கள். எழுத்து மங்கிவிடும்.

தலை திரும்பும்போது அதே அளவுக்குக் கண்ணை எதிர்த்திசையில் திருப்பும் ஓர் அனிச்சைச் செயல் நமக்கு இருப்பதே காரணம். உட்காதின் தகவலை வைத்து இது இயங்குகிறது. புதிய பவரில் கண்ணாடி போட்ட முதல் சில நாட்களில் தரை மிதப்பது போல இருப்பதற்குக் காரணம், இந்தக் கணக்கு சற்றே பிசகுவதுதான். பிறகு தானாகச் சரியாகிவிடும். சரிசெய்வது சிறுமூளை.

அதெப்படி? தலை எந்த வேகத்தில் திரும்புகிறது என்பது பாசி இழைகள் வழியாக வருகிறது. கண் திரும்பியது போதாமல் காட்சி வழுக்கினால், 'கணக்கு தப்பு' என்ற செய்தி ஏறும் இழை வழியாக வருகிறது. இரண்டும் ஒரே பர்கின்ஜி செல்லில் சேரும்போது, அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்த இணை இழைகளின் இணைப்பு பலவீனமாகிறது. அடுத்த முறை கணக்கு கொஞ்சம் மாறும்.

பிரிட்டனின் டேவிட் மார் 1969-லும், அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971-லும் இப்படி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். இணைப்பு வலுவாகும் என்றார் மார், பலவீனமாகும் என்றார் ஆல்பஸ். பலவீனமாவதை 1982-ல் சோதனையில் காட்டியது அதே இட்டோவின் குழு. கற்றல் இந்த ஓர் இடத்தில் மட்டும் நடப்பதில்லை, சர்க்யூட்டின் வேறு புள்ளிகளிலும் நடக்கிறது என்பது பின்னர் வந்த ஆய்வுகள் சேர்த்த திருத்தம்.

சர்க்யூட் ஒன்று, முகவரி வேறு

இனி முக்கியமான கேள்வி. சர்க்யூட் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், வேலை மட்டும் எப்படி மாறுகிறது? விடை: எந்தப் பகுதி யாரோடு இணைந்திருக்கிறது என்பதில்.

சிறுமூளையின் நடுவில் புழு போல ஓடும் 'வெர்மிஸ்' பகுதி, தண்டுவடத்தோடும் சமநிலை உறுப்புகளோடும் பேசுகிறது. அது பாதிக்கப்பட்டால் உடம்பும் நடையும் தள்ளாடும். பக்கவாட்டு அரைக்கோளங்கள் பெருமூளையோடு பேசுகின்றன. கை, கால் அசைவு சார்ந்த பகுதி பாதிக்கப்பட்டால், டம்ளரை எடுக்கப் போகும் கை குறி தவறி நடுங்கும். கீழே உள்ள சிறிய மடல் ஒன்று கண் அசைவைக் கவனிக்கிறது.

இன்னொன்று: பெருமூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை இயக்கும் என்று படித்திருப்போம். சிறுமூளையில் அப்படி இல்லை. இழைகள் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் பக்கம் மாறுவதால், இடது சிறுமூளையின் பாதிப்பு இடது கையிலேயே தெரியும். மூக்கைத் தொட்டு டாக்டரின் விரலைத் தொடச் சொல்வது, நேர்கோட்டில் நடக்கச் சொல்வது போன்ற எளிய பரிசோதனைகள் உண்மையில் இந்த வரைபடத்தைப் படிக்கும் முயற்சிதான்.

அசைவோடு இது முடிவதில்லை. 1,000 பேரின் எம்ஆர்ஐ தரவை வைத்து 2011-ல் வெளியான வரைபடம், மனித சிறுமூளையின் பெரும்பகுதி சிந்தனை சார்ந்த பெருமூளைப் பகுதிகளோடு இணைந்திருப்பதைக் காட்டியது. அதற்கு முன்பே, 1998-ல், அமெரிக்காவின் ஜெரமி ஷ்மாமனும் ஜேனட் ஷெர்மனும் சிறுமூளை பாதித்த 20 நோயாளிகளை ஆராய்ந்து, திட்டமிடல், மொழி, உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றிலும் தடுமாற்றம் வருவதைப் பதிவு செய்திருந்தார்கள். அவர்களின் வாதம்: கை அசைவை எந்த சர்க்யூட் சீராக்குகிறதோ, அதே சர்க்யூட்தான் எண்ணத்தையும் சீராக்குகிறது.

பின்னல் அறுந்தால்

பர்கின்ஜி செல்தான் ஒரே வெளிவழி என்பதால் பலவீனமும் அங்கேதான். அது அழிந்தால் அதற்கு மாற்று இல்லை.

நீண்டகாலக் குடிப்பழக்கம் வெர்மிஸின் முன்பகுதியில் உள்ள பர்கின்ஜி செல்களை அழிக்கக்கூடும். குடியை நிறுத்திய பிறகும் சிலருக்கு நடை தள்ளாடுவது இதனால்தான். இந்தச் செல்கள் அதிக வெப்பத்தையும் தாங்காதவை. கடும் ஹீட் ஸ்ட்ரோக்கில் உயிர் பிழைத்தவர்களில் சிலருக்குப் பேச்சும் நடையும் நிரந்தரமாகக் குழறிப்போவது உண்டு. வெயிலில் வேலை செய்பவர்கள் அதிகம் உள்ள நாட்டில் இது வெறும் பாடப்புத்தகத் தகவல் இல்லை.

பரம்பரையாக வரும் 'ஸ்பைனோசெரிபெல்லர் அடாக்சியா' என்ற நோய்த் தொகுதியிலும் பல வகைகளில் பர்கின்ஜி செல்கள் படிப்படியாக மடிகின்றன. உலக அளவில் அரிதான 12-ஆம் வகை, இந்தியக் குடும்பங்களில் அதிகம் பதிவாகியிருக்கிறது. அது பெரும்பாலும் கை நடுக்கத்தில் தொடங்கும். நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, மரபணு ஆலோசனை ஆகியவை உதவும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

பக்கவாதம் என்றாலே வாய் கோணுவதும் ஒரு பக்கக் கை தளர்வதும்தான் நினைவுக்கு வரும். சிறுமூளையில் வரும் பக்கவாதத்தில் இவை இரண்டுமே இல்லாமல் போகலாம். திடீர்த் தலைச்சுற்றல், வாந்தி, நிற்க முடியாத தள்ளாட்டம், இரட்டைப் பார்வை மட்டும் இருக்கும். 'பித்தம்', 'கேஸ்', 'குடிச்சிருப்பார்' என்று தள்ளிவிடும் ஆபத்து இதில் அதிகம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான கால வரம்பு நான்கரை மணி நேரம் என்பதால், திடீரென்று தொடங்கிய தள்ளாட்டத்தோடு ஒருவரைப் பார்த்தால் எப்போது தொடங்கியது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டு, சிடி அல்லது எம்ஆர்ஐ வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாசனையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், குடித்தவருக்கும் பக்கவாதம் வரலாம்.

வரைபடம் இன்னும் மாறுகிறது

இந்தப் பின்னலை முதலில் தெளிவாகக் கண்டவர் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். 1888-ல் பறவைகளின் சிறுமூளையை வெள்ளிச் சாயத்தில் தோய்த்துப் பார்த்து, நியூரான்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலை அல்ல, தனித்தனி செல்கள் என்று அவர் வாதிட்டார். 1906-ல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆனால் 'ஒரு பர்கின்ஜிக்கு ஒரு கொடி' என்ற பாடப்புத்தக விதியே இப்போது ஆட்டம் காண்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட முடிவின்படி, மனிதர்களின் பர்கின்ஜி செல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதன்மைக் கிளைகள் உள்ளன. எலிகளில் அப்படிப் பல கிளைகள் கொண்ட செல்களில் ஒரு பகுதிக்கு, வளர்ந்த பிறகும் ஒன்றுக்கு மேற்பட்ட ஏறும் இழைகள் இருக்கின்றன. அதாவது, எலியை வைத்து நாம் எழுதிய விதி மனித மூளைக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். அடாக்சியாவுக்கான சிகிச்சைகள் பலவும் முதலில் எலிகளில்தான் சோதிக்கப்படுகின்றன என்பதால், இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பது அவசியம்.