அமெரிக்க மொபைல் நிறுவனம்

அமெரிக்க மொபைல் நிறுவனம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1900 முதல் 1903 வரை நீராவித் தானுந்துகளைத் தயாரித்த நிறுவனம் ஆகும். இதன் தொழிற்சாலை நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றங்கரையில், டாரிடவுன் பகுதியில் அமைந்திருந்தது.

தோற்றம்

1899 ஆம் ஆண்டில் காஸ்மோபாலிட்டன் இதழின் வெளியீட்டாளர் ஜான் பிரிஸ்பென் வாக்கர், இரட்டையர்களான ஸ்டான்லி சகோதரர்களின் நீராவித் தானுந்துத் தொழிலை 2,50,000 டாலருக்கு வாங்கினார். இதற்காக ஆம்சி பார்பர் என்ற தொழிலதிபரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். விரைவிலேயே இருவரும் பிரிந்தனர். பார்பர் 'லோகோமொபைல்' என்றும், வாக்கர் 'மொபைல்' என்றும் ஏறத்தாழ ஒரே வண்டியைத் தயாரித்துப் போட்டியிட்டனர்.

அமைப்பு

இருக்கைக்கு அடியில் இருந்த சிறிய கொதிகலன் பெட்ரோல் அடுப்பினால் சூடாக்கப்பட்டது. நீராவி இரு உருளை இயந்திரத்தை இயக்க, அது சங்கிலி வழியாகப் பின் அச்சைச் சுழற்றியது. கியர் பெட்டியோ கிளட்சோ தேவைப்படவில்லை, இரைச்சலும் குறைவு. எனினும், வெளியேறும் நீராவியை மீண்டும் நீராக்கும் வசதி இல்லாததால் அடிக்கடி தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்தது. புறப்படும் முன் அழுத்தம் உயரும்வரை காத்திருக்கவும் நேர்ந்தது.

முடிவு

இக்காலத்தில் பெட்ரோல் இயந்திரங்கள் விரைவாக முன்னேறின. நீராவியையே நம்பியிருந்த மொபைல் நிறுவனம், சுமார் 600 வண்டிகளைத் தயாரித்தபின் 1903 இல் மூடப்பட்டது. பெட்ரோல் வண்டிகளுக்கு மாறிய லோகோமொபைல் 1929 வரை நீடித்தது. ஸ்டான்லி சகோதரர்கள் தம் உரிமைகளை மீண்டும் பெற்று, நீராவி வண்டிகளை மேம்படுத்தித் தொடர்ந்து தயாரித்தனர். டாரிடவுன் தொழிற்சாலையிலோ மாக்ஸ்வெல்-பிரிஸ்கோ நிறுவனம் பெட்ரோல் தானுந்துகளைத் தயாரிக்கத் தொடங்கியது.