நம் முதல் ஆயர் பிறந்த திராட்சை நாடு

ஐரோப்பியத் திருப்பயணம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை லூர்து நகரும் உரோமையும்தான். ஆனால் லூர்து நகரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், கோவை மறைமாவட்ட இறைமக்களாகிய நமக்கு மிக நெருக்கமான ஒரு சிற்றூர் இருக்கிறது. தென்பிரான்சின் ஓத் மாவட்டத்தில் உள்ள கஸ்தெல்நோதாரி என்பது அதன் பெயர். கோவையின் முதல் ஆயரான மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆண்டகை 1813 டிசம்பர் 2-ஆம் நாள் அங்கேதான் பிறந்தார்.

காற்று வீசும் ஊர்

கொங்கு நாட்டவருக்கு அவ்வூர் அந்நியமாகத் தோன்றாது. வடக்கே மொந்தாஞ் நுவார் மலைத்தொடர், தெற்கே பிரனேய் மலைகளின் அடிவாரக் குன்றுகள், இரண்டுக்கும் நடுவே ஒரு திறந்த வெளி. நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் எப்படியோ, அவர்களுக்கு அந்த வெளி அப்படி. ஆண்டில் பெரும்பகுதி அங்கே காற்று ஓய்வதில்லை. முற்காலத்தில் அக்காற்றைக் கொண்டு தானியம் அரைத்தார்கள். குகாரெல் என்ற பழைய காற்றாலை இன்றும் ஊரின் மேட்டில் நிற்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் நாம் காண்பது போன்ற மின்சாரக் காற்றாலைகளும் அந்நாட்டுப் பகுதியில் சுழல்கின்றன.

ஊரை ஒட்டி மிதி கால்வாய் ஓடுகிறது. பியேர் போல் ரிக்கே என்பவரின் முயற்சியால் 1666-இல் தொடங்கி 1681-இல் திறக்கப்பட்ட இக்கால்வாய், சுமார் 240 கிலோமீட்டர் நீளமுடையது. 1996-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நம் காலிங்கராயன் வாய்க்கால் வயலுக்கு நீர் கொண்டுபோக வெட்டப்பட்டது. இதுவோ படகுகளுக்காக வெட்டப்பட்டது. கரையோர மர நிழலில் நடப்பதற்கே இன்று பலர் வருகிறார்கள்.

ஊரின் நடுவே எழும் பழமையான ஆலயத்தின் பெயர் நம்மை நிறுத்திவிடும்: அது புனித மிக்கேல் ஆலயம். 1838-இல் குருவான பிரெசிலாக் அடிகளார் தம் சொந்த ஊரின் இப்பங்கிலேயே உதவிக் குருவாகப் பணியாற்றினார். கோவை பெரிய கடைவீதியில் உள்ள நம் பேராலயமும் அதே அதிதூதரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

செபமாலையின் மண்

கஸ்தெல்நோதாரியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் ஃபான்ஜோ என்ற குன்றுக் கிராமம் இருக்கிறது. அதன் விளிம்பில் நின்றால் வயல்களும் பண்ணை வீடுகளும் தொலைதூர மலைகளும் விரிகின்றன. புனித தோமினிக் இங்கே தங்கிப் போதித்தார். குன்றின் அடியில் உள்ள புரூயியில் 1206-ஆம் ஆண்டளவில் பெண்களுக்கான முதல் துறவு மடத்தைத் தொடங்கினார். அன்னை மரியா அவருக்குச் செபமாலையைத் தந்த மரபுக் கதையும் புரூயியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தரைமட்டமான அந்த மடம் 19-ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது.

இந்தப் பகுதியின் அழகுக்கு அடியில் ஒரு காயமும் உண்டு. திரு அவையின் போதனையிலிருந்து விலகிய கத்தார் இயக்கத்தினரை ஒடுக்க, 1209-இல் இங்கே சிலுவைப் போர் தொடங்கியது. பெசியே நகரில் மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அடுத்து கார்க்கசோன் கோட்டை சரணடைந்தது. இரட்டை மதில்களும் 52 கோபுரங்களும் கொண்ட அக்கோட்டை நகர் 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மதிலின் அழகை வியக்கும் நாம் அதன் வரலாற்றையும் அறிந்து செல்வது நல்லது. ஒரே மண்ணில், ஒரே காலத்தில், ஒருபுறம் வாள் வந்தது. மறுபுறம் கால்நடையாக, கையில் எதுவுமின்றி தோமினிக் வந்தார். நம்பிக்கையின் பெயரால் நிகழ்ந்த வன்முறைகளுக்காகத் திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று இறைவனிடம் மன்னிப்பு வேண்டியது இங்கே நினைவுக்கு வருகிறது.

கவாத்து செய்யப்பட்ட கொடி

கஸ்தெல்நோதாரியைச் சுற்றிப் பெரும்பாலும் தானிய வயல்கள். கிழக்கேயும் தெற்கேயும் போகப்போகத் திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. லிமூ, மினெர்வுவா, கோர்பியேர் ஆகியவை திராட்சை இரசத்துக்குப் பெயர் பெற்ற பகுதிகள். தொண்டாமுத்தூர் பக்கம் பந்தலில் படரும் பன்னீர் திராட்சையைப் பார்த்துப் பழகிய நமக்கு, அங்குள்ள கொடி புதிதாகத் தெரியும். பந்தல் இல்லை, இடுப்பளவு உயரத்தில், செடி போல, வரிசை வரிசையாக நிற்கும். அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் செப்டம்பரில். குளிர்காலத்தில் கிளைகளை ஒட்ட வெட்டிக் கவாத்து செய்துவிடுவார்கள். அப்போது தோட்டம் முழுவதும் பட்ட கட்டைகள் நடப்பட்டது போல் இருக்கும். யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தை அத்தோட்டத்தின் ஓரத்தில் நின்று வாசித்தால் கூடுதலாகப் புரியும்.

பிரெசிலாக் ஆண்டகையின் வாழ்வும் அப்படித்தான் இருந்தது. தந்தை எதிர்த்தபோதும், பாரீஸ் அந்நிய நாட்டு மறைபரப்புச் சபையில் சேர்ந்து 1842-இல் இந்தியா வந்தார். 1846 அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அது அக்டோபரின் முதல் ஞாயிறு. அந்நாளைய திரு அவை வழக்கப்படி செபமாலை அன்னையின் விழா நாள். புரூயியின் அண்டை ஊரில் பிறந்தவர், செபமாலை அன்னையின் ஆலயம் உள்ள நம் ஊரில் ஆயரானார்!

இம்மண்ணின் பிள்ளைகளே இங்கே குருக்களாக வேண்டும், அவர்களே திரு அவையை வழிநடத்த வேண்டும் என்பது அவரது ஆழ்ந்த விருப்பம். அக்காலத்தில் எல்லா மறைப்பணியாளரும் அதை ஏற்கவில்லை. உள்ளூர்ப் பழக்கவழக்கங்களில் எவற்றைக் கிறிஸ்தவர்கள் தொடரலாம் என்ற சடங்குமுறைச் சிக்கலிலும் அவர் மனச்சான்று அமைதி பெறவில்லை. 1855-இல் பதவி விலகினார். ஆனால் ஓய்ந்துவிடவில்லை. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனில் வந்திறங்கி, ஆறே வாரங்களில், ஜூன் 25 அன்று கொள்ளைநோயால் இறந்தார். அவருக்கு வயது 45.

எல்லாம் வெட்டப்பட்டுவிட்டது போலத்தான் அன்று தோன்றியிருக்கும். ஆனால் அச்சபை இன்றும் ஆப்பிரிக்காவில் பணியாற்றுகிறது. கோவையிலும் பல பத்தாண்டுகளாக ஆயர்களும் குருக்களும் நம் நாட்டவரே. 2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவரது வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று, அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார்.

நாம் செய்யக்கூடியது

லூர்து செல்வோர் இரண்டு நாள்களைக் கூட்டிக்கொண்டால் இவ்விடங்களைப் பார்த்துவிடலாம். லூர்திலிருந்து இரயிலில் துலூஸ். அங்கிருந்து கார்க்கசோன் செல்லும் இருப்புப் பாதையில்தான் கஸ்தெல்நோதாரி இருக்கிறது. ஃபான்ஜோவுக்கும் புரூயிக்கும் கார் அமர்த்திக்கொள்வது எளிது. அக்டோபர் தொடக்கம் நல்ல காலம். அறுவடை முடிந்து திராட்சை இலைகள் சிவக்கத் தொடங்கியிருக்கும். லூர்திலும் செபமாலைத் திருப்பயணம் நடைபெறும் நேரம் அது.

பிரான்சு செல்ல வாய்ப்பில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. அவர் ஆயரான கருமத்தம்பட்டி நம் அவினாசி சாலையிலேயே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் திருவிழாவில் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் பார்த்துத் திரும்பிவிடுகிறோம்! அடுத்த முறை செல்லும்போது, இந்த ஆலயத்தோடு இணைந்த அவரது கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். தம் பங்கிலிருந்தும் குருக்கள் எழ வேண்டும் என்று அவர்கள் செபமாலை சொல்லட்டும். அதுவே அவர் இங்கே விட்டுச்சென்ற ஆசை.