கறுப்புத் துணியும் மேலக்காற்றும்

திருச்செந்தூரில் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வருகிறவர்கள் சுமார் 40 கிலோமீட்டருக்குள் நாலு விதமான உடை ஒழுங்கைப் பார்த்துவிடலாம். முருகன் சந்நிதிக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அடுத்து வரும் காயல்பட்டினத்தில் பெண்கள் வாசல் தாண்டினால் தலையிலிருந்து பாதம்வரை மறைத்துக்கொள்வது வழக்கம். பக்கத்து ஆறுமுகநேரி உப்பளங்களில், சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் சாக்ஸ் என்று மூடிக்கொண்டு பெண்கள் உப்பு வாருகிறார்கள். அங்கே மூடச் சொல்வது மார்க்கம் இல்லை, வெயில். தூத்துக்குடிக்குள் வந்தால் பனிமய மாதா கோயிலில் வயதான பெண்கள் முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலிடுகிறார்கள். பனியே பார்க்காத ஊரில் பனி மாதாவுக்கு ஆகஸ்ட் 5-ஆம் தேதி, ஆடிக் காற்று புழுதியை வாரி இறைக்கும் நாளில் திருவிழா. ரோமாபுரியில் கோடையில் பனி பெய்ததாகச் சொல்லும் கதையின் நினைவு அது.

இந்த நாலில் இரண்டாவதைப் பற்றித்தான் கேள்வி வருகிறது: "இந்த வெயிலில் கறுப்பு பர்தாவை எப்படித்தான் போட்டுக்கிட்டு நடக்கிறாங்களோ?" கேட்பவர் குரலில் பாதி இரக்கம், பாதி குத்தல். உப்பளத்துப் பெண்ணைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. போகட்டும், கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்வோம். இயற்பியலில் அதற்கு நல்ல பதில் இருக்கிறது. ஆனால் அது கறுப்பா வெள்ளையா என்று தேடுகிற இடத்தில் இல்லை.

முதலில் உடம்பின் வரவு செலவு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. வேகமாக நடந்தால் அது மூன்று மடங்காகும். உச்சி வெயில் தன் பங்குக்குச் சதுர மீட்டருக்கு 1,000 வாட் வரை கொட்டுகிறது. சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் தானாக வெளியேறும். 36, 37 டிகிரி ஆகிவிட்டால் அந்த வழி அடைபடும், மிச்சம் வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் உடம்புக்குக் காலணா பிரயோஜனம் இல்லை. துணியில் ஊறி அதன் வெளிப்புறத்தில் காய்கிற வியர்வையோ பெரும்பாலும் துணியைத்தான் குளிர்விக்கும்.

கறுப்பு விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு 1980-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஷ்கோல்னிக், டெய்லர், ஃபின்ச், போருட் என்ற நால்வர் நெகேவ் பாலைவனத்தின் நடுப்பகல் வெயிலில் ஆளை நிறுத்தி, கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி, ராணுவச் சீருடை, வெறும் அரைக்கால் சட்டை என்று மாற்றி மாற்றி அளந்தார்கள். கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சியது உண்மைதான். ஆனால் உடம்புக்கு வந்து சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒரே அளவு. உபரியாக உறிஞ்சியது தோலைத் தொடும் முன்பே போய்விட்டது. தொளதொள அங்கிக்குள் சூடான காற்று மேலே ஏறிக் கழுத்து வழியாக வெளியேற, கீழிருந்து புதுக்காற்று நுழைகிறது. அடுப்படிப் புகைக்கூண்டு வேலைசெய்வதும் இப்படித்தான். வெளிக்காற்று துணியைப் படபடக்க வைக்கும்போது இந்தப் போக்குவரத்து இன்னும் கூடும்.

இதை வைத்துக்கொண்டு கறுப்பு பர்தா குளிர்ச்சியானது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. வெள்ளைக்குச் சமம் என்றுதான் சொன்னது. அதுவும் வறண்ட பாலைக்காற்றில், தளர்ந்த அங்கிக்கு. மன்னார் வளைகுடாக் கரையின் கணக்கு வேறு.

இங்கே ஒரு வருஷம் என்பது ஈரத்தாலும் காற்றாலும் பிரிகிறது. பங்குனி, சித்திரையில் சூரியன் தலைக்கு நேரே வந்துவிடும். ஏப்ரல் 12-ஐ ஒட்டி ஒரு நாளும், மறுபடி ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளும் தூத்துக்குடியில் நட்ட கம்புக்கு நண்பகலில் நிழலே விழாது. அந்த வெயில் மாதங்களில் பகல் ஏறியதும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். வெப்பமானி 32, 33 காட்டும், சட்டை முதுகில் ஒட்டும். ஆனி முதல் ஆவணி வரை நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்திலும் மலையிலும் கொட்டிவிட்டு வரும் மேலக்காற்று, கடற்காரர்கள் சொல்லும் கச்சான், மலைச்சரிவில் இறங்க இறங்கச் சூடாகி, வறண்டு இந்தக் கரைக்கு வருகிறது. மற்ற ஊர்கள் மழை பார்க்கும் ஜூன், ஜூலையில் தூத்துக்குடி 37, 38 டிகிரியில் காய்வது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. மார்கழி, தை வாடைக்கு.

நெகேவில் கறுப்பு அங்கி செய்த வேலையை இங்கேயும் செய்யக்கூடியது கச்சான் வீசும் மாதங்களில்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 35 டிகிரியில் இருக்கும் ஈரத் தோலின் மேல் நீராவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். 32 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்காற்றில் அது ஏற்கெனவே 3.6 இருக்கும், வியர்வையை ஆவியாக்கித் தள்ள மிஞ்சுவது 2 மட்டுமே. 37 டிகிரியும் 35 சதவீத ஈரப்பதமும் உள்ள மேலக்காற்றில் 2.2, அதாவது 3.4 மிச்சம். வெப்பமானி அதிகம் காட்டும் நாளில்தான் வியர்வை நன்றாகக் காய்கிறது! ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரியைத் தொட்டால் எந்த மனித உடலும் நெடுநேரம் தாங்காது என்று ஷெர்வுட், ஹூபர் இருவரும் 2010-இல் கணக்கிட்டார்கள். பின்னர் பென்சில்வேனியாவில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது ஈரமான சூழலில் 31 டிகிரியை ஒட்டியே உடல் திணறத் தொடங்கிவிட்டது. துணி எதுவானாலும் சித்திரை மாதத்து ஈரம்தான் எதிரி.

இனித் துணிக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் மூத்த தலைமுறை உம்மாமார் உடுத்தியது கறுப்பே அல்ல, வெள்ளைத் துப்பட்டி. சேலைக்கு மேலே, தலையிலிருந்து கணுக்கால்வரை போர்த்திக்கொள்ளும் பெரிய பருத்தித் துணி, தையல் கிடையாது. முன்பக்கத்து இரண்டு ஓரங்களையும் முகத்துக்குக் கீழே ஒரு கையால் சேர்த்துப் பிடித்திருப்பார்கள். ஆள் வந்தால் பிடி இறுகும், ஆள் போனால் தளரும். தெருவில் யாரும் இல்லையென்றால் முழங்கை விலகி ஒரு பக்கம் முழுக்கத் திறக்கும். வளைகுடா நாட்டு வேலையும் அங்கிருந்து வந்த பணமும் ஊரை மாற்றியபோது கறுப்பு அங்கி மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. தைத்த அங்கியில் கை இரண்டும் விடுதலை. குழந்தையைத் தூக்கலாம், ஸ்கூட்டி ஓட்டலாம், வேலைக்குப் போகலாம். இது சின்ன லாபமில்லை. ஆனால் நினைத்தபோது காற்றைத் திறந்துவிடும் வசதி போயிற்று. கட்டுகிற துணிக்கும் தைத்த துணிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அளந்தும் இருக்கிறார்கள். மாதவி இந்திரகண்டியும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்களும், உடம்புச் சூட்டில் வைத்த பொம்மைக்குச் சேலையைப் பலவிதமாகக் கட்டிப் பார்த்தார்கள். கட்டும் விதத்தை மாற்றினாலே வெப்பத் தடுப்பு கணிசமாக மாறியது.

இழையிலும் வித்தியாசம் இருக்கிறது. வழக்கமான சோதனை நிலையில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் வெறும் 0.4. பர்தா கடைகளில் நிதா என்று கேட்டு வாங்குவது பாலியெஸ்டர் வகைதான். அது வியர்வையைக் குடிக்காது, உடம்பில் ஒட்டாமல் வழுக்கி விழும், துவைத்துப் போட்டால் சீக்கிரம் காயும். பருத்தி முதல் அரைமணி நேரம் சுகம். தொப்பலாக நனைந்த பிறகு தோலோடு அப்பிக்கொண்டு காற்றின் வழியை அடைத்துவிடும். எனக்கென்னவோ நிறத்தைவிடவும் இழையைவிடவும் பெரிய விஷயம் உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். அங்கிக்குள் மெல்லிய நைட்டி ஒன்று, கல்யாண வீட்டுக்குப் போகும் பட்டுச்சேலை வேறொன்று. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் அசையாத காற்று ஒரு படலமாக நிற்கும். வெப்பத்தைத் தடுப்பதில் துணியைவிட அந்தப் படலம் கெட்டி. தலைக்கு உள்தொப்பி, அதன்மேல் ஸ்கார்ஃப், ஊசி குத்தி இறுக்கிய கழுத்து என்றால் புகைக்கூண்டின் வாயை மூடியாயிற்று. வேர்க்குரு முதலில் கழுத்தில் கிளம்புவதில் ஆச்சரியம் இல்லை.

உப்பளத்துப் பெண்களின் சட்டையைக் கவனியுங்கள். வீட்டு ஆண்கள் போட்டுக் கழித்த, இரண்டு அளவு பெரிய, வெளுத்த சட்டை. மேலே சூரியன், கீழே வெள்ளை உப்பு பிரதிபலிக்கும் இன்னொரு சூரியன். தளர்ந்த முழுக்கை இரண்டையும் தடுக்கிறது. அவர்களுக்கு ஆபத்து உடையால் வருவதில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழக உப்பளங்களில் ஆராய்ந்தபோது, தொழிலாளர்களில் பெரும்பாலானோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதையும், சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகளையும் கண்டது. ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். கழிப்பறை கட்டிக் கொடுத்தால் தீரக்கூடிய பிரச்சினைக்குத் துணியில் மருந்து தேட வேண்டியதில்லை.

காயல்பட்டினத்தின் வெப்ப நுட்பம் துணியில் பாதி என்றால் முடுக்கில் பாதி. வீட்டு வரிசைகளுக்கு நடுவே பெண்கள் போய்வருவதற்கென்றே விட்ட ஒடுங்கிய சந்துக்கு அங்கே முடுக்கு என்று பெயர். கல்யாணமானாலும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பதும், மாப்பிள்ளை அங்கே வருவதும் ஊர் வழக்கம். அதனால் அக்கா வீடு, சாச்சி வீடு எல்லாம் பெரும்பாலும் கூப்பிடு தூரம். ஒன்றரை மீட்டர் அகலமும் இரு பக்கம் நாலரை மீட்டர் சுவரும் உள்ள, வடக்கு தெற்காக ஓடும் ஒரு சந்தை எடுத்துக்கொண்டால், சூரியன் உச்சியிலிருந்து 18 டிகிரி விலகியதும் தரை நிழலாகிவிடும். உச்சிக்கு முன்னும் பின்னும் ஒன்றேகால் மணி நேரம்தான் வெயில். சதுர மீட்டருக்கு 1,000 வாட்டை எந்த நெசவும் இவ்வளவு மலிவாகத் தடுக்காது. முடுக்கு போய் அகலத் தெருவும் தார்ச்சாலையும் வந்த இடங்களில் அதே பர்தா கூடுதலாகச் சுடுகிறது.

மூடிய உடைக்கு வைட்டமின் டி என்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதில் பழைய வீட்டு முற்றத்துக்கும் பங்கு உண்டு. தோல் வைட்டமின் டி தயாரிக்கப் புற ஊதாக் கதிரின் 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள பகுதி தேவை. பருத்தியோ கம்பளியோ பாலியெஸ்டரோ, மூடிய தோலில் அந்த உற்பத்தி நின்றுவிடுகிறது என்று 1992-இல் மாட்சுவோகா குழு காட்டியது. ஜன்னல் கண்ணாடியும் அப்படியே. வெயில் கொழிக்கும் திருப்பதியிலேயே குறைபாடு பரவலாக இருப்பதை ஹரிநாராயண் குழு கண்டது. ஆகவே இது பர்தாவுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. நிழலில் ஒதுங்கி வாழும் எல்லோருக்கும் உண்டு. வானம் பார்த்த முற்றத்தில், வெளியார் கண்ணில் படாமல், முழங்கையும் காலும் தெரிய அரிசி புடைத்த பெண்ணுக்கு வைட்டமின் டி தானாகக் கிடைத்தது. அடுக்குமாடிக்குப் போனவருக்கு மாத்திரைதான். காலை இளவெயிலில் நின்றால் போதும் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். அந்த நேரத்து வெயிலில் இந்தக் கதிர் சொற்பம். 11 மணியிலிருந்து 2 மணிக்குள் சில நிமிடங்கள் கை கால் காட்டுவதே கணக்கு.

காலத்தோடு மாறுவது வானிலை மட்டுமல்ல. பனிமய மாதா திருவிழா ஆகஸ்டிலேயே நிற்கும். ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னகரும். 2018-இல் நோன்பு கத்திரி வெயிலில் தொடங்கியது. பகல் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், மூடிய உடையோடு. 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு ரமலான் தொடங்கும், இரண்டும் மார்கழியில். புது வெப்பத்துக்குப் பழக உடம்புக்கு ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர் அளவு கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும். கோடை நோன்பின் முதல் வாரம் கடைசி வாரத்தைவிடக் கடுமையாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழைக்காலத்தில் கணக்கு திரும்பவும் மாறும். 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் கொட்டியது. ஓர் ஆண்டில் அங்கே பெய்வதைவிட அதிகம். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை கோவணத்தோடு கடலில் இறங்கியவர்களின் உடம்பு, வெதுவெதுப்பான மன்னார் வளைகுடா நீரிலேயே குளிர்ந்துபோனது இதனால்தான். மழையில் நனைந்த பருத்தி காய்வதற்கு நேரம் எடுத்துக்கொண்டு, உடம்புச் சூட்டை இழுக்கும் அந்த வேலையைத் தொடரும். அதன்பின் இடுக்குகளில் படர்தாமரை. ஐப்பசி பிறந்துவிட்டால் நிதாவுக்குத்தான் என் ஓட்டு.

ஸ்டான்ஃபோர்டில் யி சூயி குழு 2016-இல் ஒரு துணியை அறிவித்தது. லித்தியம் பேட்டரிக்குள் தடுப்பாக வைக்கும் நுண்துளை பாலிஎத்திலீன் படலம் அது. துளைகளின் அளவு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடித்து உள்ளிருப்பதை மறைக்கும். உடம்பு வெளியிடும் அகச்சிவப்புக் கதிருக்கோ அலைநீளம் பெரிது, அது தடையில்லாமல் வெளியே போய்விடும். துணி போல் பதப்படுத்திய பிறகும் பருத்தியைவிட 2 டிகிரி குளிர்ச்சி கிடைத்தது. பார்வைக்கு மூடி, வெப்பத்துக்குத் திறந்த துணி. மறைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஆனால் சோதித்தது அறைக்குள். வெயிலுக்கு ஏற்ற மாதிரி துத்தநாக ஆக்ஸைடு துகள் கலந்து பின்னர் தயாரித்த வகை, சூரிய ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால் வெள்ளை நிறம்தான். கறுப்பில் கேட்டால், வழக்கமான சாயங்கள் பல அந்த அகச்சிவப்புக் கதிரையே விழுங்கிவிடும் என்பதால் வேறு நிறமி தேடவேண்டும்.