அமிலம் வரைந்த கோட்டை

லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது வின்ட்சர் கோட்டை. 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் வில்லியம் மன்னர் தொடங்கிவைத்தது. 1659 மே மாதம் எலியாஸ் ஆஷ்மோல் என்ற அறிஞர் ஓர் ஓவியரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். கார்ட்டர் என்னும் வீரர் குழுவின் வரலாற்றை எழுதும் வேலையில் இருந்த அவருக்குப் படங்கள் தேவைப்பட்டன. கூடப் போனவர் வென்செஸ்லாஸ் ஹோலர், 1607-இல் பிராக் நகரில் பிறந்தவர். 1672-இல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. கோட்டை முழுவதையும் பருந்துப் பார்வையில் காட்டும் படம் அதில் இருக்கிறது. நடுவே மேட்டின் மேல் வட்டக் கோபுரம், ஒரு பக்கம் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சுற்றிலும் மதில். கூரை, ஜன்னல், நிழல் எல்லாமே மயிரிழைக் கோடுகள்.

அந்தக் கோடுகளைச் செம்பில் பறித்தது அமிலம். எட்சிங் என்கிற கலை இது.

மெருகேற்றிய செப்புத் தகட்டில் மெழுகு, பிசின், நிலக்கீல் கலந்த பூச்சை மெல்லிசாகப் பரப்புவார்கள். தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து, மெழுகுத்திரியின் புகையைக் கீழிருந்து காட்டினால் பூச்சு கன்னங்கரேலென்று ஆகிவிடும். இப்போது ஊசியால் கீறினால், கீறிய இடத்தில் செம்பு மினுங்கும். ஊசி உலோகத்தை வெட்ட வேண்டியதில்லை, பூச்சை விலக்கினால் போதும். அதனால் கை, தாளில் பேனா ஓடுவதுபோல ஓடும். உளியை அழுத்தித் தள்ளி உலோகத்தை வெட்டும் பழைய செதுக்குமுறையில் இந்தச் சுதந்திரம் கிடையாது. ஒன்றுபோல் ஒன்றில்லாத கல், உதிர்ந்த விளிம்பு, மதிலில் தொற்றிய செடி இவற்றை வரைய எட்சிங்குக்கு ஈடில்லை என்பேன்.

கோட்டைக்கும் இந்த வித்தைக்கும் பழைய உறவும் உண்டு. வீரர்களின் இரும்புக் கவசங்களில் பூவேலை செய்ய அமிலத்தைப் பயன்படுத்திவந்தார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கவசங்களை அலங்கரித்துவந்த டேனியல் ஹாப்ஃபர், 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே முறையைத் தாளில் படம் அச்சிடக் கொண்டுவந்தார்.

கீறி முடித்த தகட்டின் முதுகிலும் விளிம்பிலும் வார்னிஷ் பூசி அமிலத்தில் இறக்குவார்கள். நைட்ரிக் அமிலம் என்றால் கோடு நெடுகப் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். அவை ஒட்டிக்கொண்டு நின்றால் அரிப்பு சீராக இருக்காது. பறவை இறகால் மெதுவாக நீவிவிட வேண்டும். சில நிமிடங்களில் தகட்டை எடுத்துக் கழுவி உலர்த்தி, கோட்டைப் படமென்றால் தொலைவில் தெரியும் மலைகளின் கோடுகளை மட்டும் வார்னிஷால் அடைத்துவிடுவார்கள். தகடு மறுபடி அமிலத்துக்குள் போகும். அடுத்து எடுக்கும்போது நடுத் தூரத்து மரங்களை அடைப்பார்கள். கடைசிவரை அமிலத்தில் ஊறுவது, கண்ணுக்கு அருகில் நிற்கும் வாசல். அதன் கோடுகள்தான் ஆழம், மையை அதிகம் வாங்குவதும் அவைதான். ஊசியும் அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒன்றே. மலையைப் பின்னுக்குத் தள்ளி வாசலை முன்னே இழுப்பது ஊறிய நேரம்.

பிறகு பூச்சைக் கரைத்து நீக்கி, மையைத் தேய்த்து, துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைப்பார்கள். பள்ளத்து மை மட்டும் தங்கும். ஈரத் தாளை விரித்து, மேலே கம்பளி போட்டு, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஓட்டுவார்கள். தாளை உரித்தால் கோடுகள் லேசாகப் புடைத்திருக்கும், விரல்நுனிக்கே தெரியும். படம் இடவலம் மாறி விழும் என்பதால் இடக் கோபுரத்தைத் தகட்டில் வலப்பக்கம் வரைந்திருக்க வேண்டும், எழுத்துகளையும் திருப்பி எழுதியிருக்க வேண்டும்.

ஹோலர் தம் வாழ்நாளில் செய்த படங்கள் சுமார் 2,700. அத்தனை உழைத்தும் வறுமையில்தான் 1677-இல் லண்டனில் இறந்தார். பதிப்பாளர்கள் மணிக்கு 4 பென்ஸ் கூலி கொடுத்தார்கள். மேஜையில் மணற்கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்வாராம். யாராவது பேச வந்துவிட்டால் அதைப் படுக்கவைத்துவிடுவார். பேச்சு முடிந்ததும் நிமிர்த்தி வைத்து, விட்ட கோட்டிலிருந்து தொடர்வார்.