பூஜாங் பள்ளத்தாக்கிற்குப் போனால் அடித்தளத்தைப் பாருங்கள்

தம்போயிலிருந்து கெடா மாநிலத்தின் மெர்போக் வரை 650 கிலோமீட்டருக்கு மேல். பள்ளி விடுமுறையில் பினாங்கு செல்லும் நம்மவர்கள் பலர், சுங்கை பட்டாணிக்குப் பக்கத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கை விட்டுவிடுகிறார்கள். சோழன் ராஜேந்திரன் 1025-இல் படையெடுத்த கடாரம் இந்தப் பகுதிதான்.

கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அங்கே மிஞ்சியிருப்பவை அடித்தளங்கள். புக்கிட் பத்து பஹாட் சண்டியில் கருவறை மேடையையும் அதன் முன்னே மண்டபத்தையும் காணலாம். மண்டபத் தரையில் உள்ள வட்டக் கற்கள் தூண்கள் நின்ற இடங்கள். தூண்களும் கூரையும் மரம் என்பதால் மழையில் மக்கிப் போயின. இது முதலில் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அருங்காட்சியக வளாகத்திலுள்ள பெண்டியாட் சண்டியோ வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்தது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1930-களில் ஆங்கிலேய ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டி எண்ணிட்டவற்றுள் ஒன்று 11-ஆம் சண்டி. 2013-இல் வீடமைப்புத் திட்டத்துக்காக அது இடிக்கப்பட்டது. வெளியே தெரிந்தபோது அங்கே வெறும் மண்தான். மேற்கே மாயன் கோயில்களைக் காண விமானம் ஏறுகிறார்கள்; நமக்குக் கார் போதும், விடியற்காலையில் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.